ஒரு பல் தள்ளி

மேட்டுப்பாளையத்தில், கோத்தகிரி சாலை மேடேறத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஜெசிந்தாவின் ஒர்க்‌ஷாப் இருந்தது. மலையில் மூச்சு வாங்கிய வண்டிகள் கீழே இறங்கி வந்தால் முதலில் அங்கேதான் நிற்கும்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. பாலிடெக்னிக்கில் ஒன்பது வருஷம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவர். கல்லூரியை மூடியபோது வீட்டுக்குப் போகாமல் நேராக வந்து இந்த ஷெட்டை வாடகைக்குப் பிடித்தார். எல்லோரும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள்.

அவரிடம் தொழில் கற்க வந்த குழந்தைவேலுவுக்கு ஐம்பத்து மூன்று. காரமடையில் இருபத்தாறு வருஷம் சொந்தப் பட்டறை நடத்தியவர். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகள் வர ஆரம்பித்ததும் தடுமாறி, ஒரு நாள் பட்டறையைப் பூட்டினார். இரண்டு வருஷம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார். முடியவில்லை. ஜெசிந்தாவின் முன்னால் வந்து நின்றார்.

"எனக்குக் கத்துக் குடுங்க டீச்சர்."

"உங்களுக்கு நான் என்னங்கண்ணா கத்துக் குடுக்கறது?"

"டர்போ வண்டி முன்னாடி போய் நின்னா கை ஓட மாட்டேங்குதுங்க. அது சரியாகற வரைக்கும் கத்துக் குடுங்க."

"சரி. நாளைக்கு வாங்க."

அது நடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்தப் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு போஜனின் வண்டி நான்காவது முறையாக ஷெட்டுக்குள் வந்தது. வெள்ளை நிற டீசல் கார். பத்து வருஷம் ஓடியது. குழந்தைவேலு அதன் சத்தத்தை வாசலிலேயே அடையாளம் கண்டுகொண்டார்.

போஜன் கோத்தகிரிக்காரர். மலையில் டயாலிசிஸ் மெஷின் கிடைக்காத மூன்று பேரை வாரத்தில் மூன்று நாள் கீழே கூட்டி வருவார். காலையில் ஆஸ்பத்திரியில் விட்டு, சிகிச்சை முடிந்ததும் மேலே ஏற்றிக்கொண்டு போவார். அதுதான் அவருடைய பிழைப்பு.

அவர் கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றார்.

"திங்கக்கிழமை சாயங்காலம் வண்டி வளைவுல நின்னுருச்சு டீச்சர். மேல இருந்து பஸ் வருது. ஒதுங்கணும்னு ஆக்சிலேட்டரை மிதிச்சா இழுக்கல. ஆஃப் ஆயிருச்சு. பின்னால உருள ஆரம்பிச்சுது."

"யாருக்காவது அடி பட்டுச்சா?"

"இல்ல. பின் டயர் போய் சுவத்துல முட்டி நின்னுச்சு. மழை. எல்லாரையும் இறக்கினேன். அந்த மாதியம்மா இருக்காங்களே, அவங்களே போய் ஒரு கல்லைத் தூக்கிட்டு வந்து டயருக்கு அண்டக் குடுத்தாங்க. நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வந்தவங்க. நிக்கவே முடியாது அவங்களால."

போஜன் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"இன்னிக்கு மூணு மணிக்கு வெளிய விடுவாங்க. நாலு மணிக்கு மேல ஏறணும். பஸ்ல நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போக முடியாது. பாத்துக் குடுங்க." சாவியை மேசையில் வைத்தார். போகும்போது சொன்னார், "இனிமே அடுத்த தடவைன்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்லைங்க."

போஜன் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனார்.

ஐந்து வாரத்துக்கு முன்னால்தான் அந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் மாற்றியிருந்தார்கள். அதற்கு அடுத்த வாரமே மேட்டில் இழுக்கவில்லை என்று போஜன் வந்தார். ஸ்கேனரை மாட்டினால் ஒரே ஒரு வரிதான் வந்தது: பூஸ்ட் குறைவு. டர்போ கொடுக்க வேண்டிய காற்றழுத்தம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதல் முறை காற்று போகும் ஹோஸில் ஒரு கீறல் இருந்தது. மாற்றினார்கள். இரண்டாம் முறை சென்சார் அழுக்கேறியிருந்தது. மாற்றினார்கள். மூன்றாம் முறை டர்போவைக் கட்டுப்படுத்துகிற வால்வு சற்று மந்தமாக இருந்தது. அதையும் மாற்றினார்கள். பத்து வருஷ வண்டியில் தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். சமதளத்தில் ஓட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் நன்றாகத்தான் போனது. ஒவ்வொரு முறையும் அதிகமாகப் பெருமூச்சு விட்டவர் குழந்தைவேலு.

"டர்போவே போயிருச்சுங்க டீச்சர்," என்றார் இப்போது. "வேற என்ன இருக்கு? புதுசு போட்டறலாம்."

ஜெசிந்தா போனட்டைத் திறந்தார். டர்போவுக்குப் போகும் குழாயைக் கழற்றினார். உள்ளே விரலை விட்டு அதன் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார், அசைத்துப் பார்த்தார். ஆட்டம் எதுவும் இல்லை. அப்புறம் அலமாரிப் பக்கம் போய், வேறு வண்டியிலிருந்து கழற்றி வைத்திருந்த பழைய டர்போ ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"ஊதுங்கண்ணா."

"என்னங்க?"

"இந்தப் பக்கமா. ஊதுங்க."

குழந்தைவேலு குனிந்து ஊதினார். சின்னச் சக்கரம் சோம்பலாக இரண்டு சுற்றுச் சுற்றியது. மறுபடி ஊதினார். வேகமாகச் சுற்றியது. மூச்சு வாங்கி நிமிர்ந்தார். சக்கரம் நின்றது.

"ஏன் நின்னுச்சு?"

"நான் ஊதறதை நிறுத்திட்டேன்."

"டர்போ கெட்டுப் போச்சுங்களா?"

குழந்தைவேலு சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்த்தார்.

"எஞ்சின் விடற புகையிலதான் இது சுத்துது. அது சரியா ஊதினா இது சரியாச் சுத்தும். இதை நாலு வாரமா அடிச்சுட்டு இருக்கோம். எஞ்சின் ஏன் ஊதலைன்னு பாக்கவே இல்ல."

ஜெசிந்தா இடுப்பில் பெல்ட் கட்டியிருந்தார். போன மாதம் ஒரு கியர் பெட்டியைத் தூக்கியதிலிருந்து முதுகுத்தண்டில் வலி. இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டே ஒவ்வொன்றாக யோசித்தார்.

"காத்து உள்ள வர்ற வழி சுத்தம். அதை அன்னிக்கே பாத்தாச்சு. வால்வு தொறக்கற நேரம் தப்பா இருந்தா இப்படி வரும். ஆனா பெல்ட் நீங்க மாட்டினது. லாக் பின் போட்டு மாட்டினது. அதனால அது சரி." ஒரு விரலை மடக்கினார். "அப்போ புகை வெளிய போற வழிதான். சைலன்சர் எங்கியோ அடைச்சிருக்கணும். ஜாக்கி எடுங்க."

குழந்தைவேலு ஜாக்கியை எடுத்து வந்து வண்டிக்கு அடியில் தள்ளினார்.

பெல்ட் மாட்டிய அந்த நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. டைமிங் பெல்ட் என்பது கீழே சுற்றுகிற தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற தண்டையும் ஒரே கணக்கில் ஓட வைக்கிற பல் வைத்த பட்டை. அதை மாட்டும்போது இரண்டு தண்டும் அசையாமல் இருக்க, அதற்கென்று உள்ள துளைகளில் லாக் பின் செருக வேண்டும். அன்றைக்கு மேல் துளையில் பின் போனது. கீழ்த் துளையில் அழுக்கு கெட்டிப்பட்டுப் போயிருந்தது. பின் இறங்கவில்லை. மண்டியிட்டு மண்டியிட்டு முட்டி இரண்டும் தெறித்தன. கண் எதற்கு இருக்கிறது என்று நினைத்தார். வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, கோட்டுக்குக் கோடு வைத்துப் பெல்ட்டை மாட்டினார்.

அந்த நேரம் பார்த்து ஷெட்டின் அந்த மூலையிலிருந்து ஜெசிந்தா கேட்டார். "லாக் பின் போட்டீங்களாண்ணா?"

"போட்டாச்சுங்க டீச்சர்."

அவ்வளவுதான் சொன்னது. சொல்லி முடித்ததும் அது பொய் என்றுகூடத் தோன்றவில்லை. மேல் பின் போட்டிருந்தாரே. அதற்கப்புறம் வண்டி ஒவ்வொரு முறை திரும்பி வந்தபோதும் அந்தக் கோடு ஒரு நொடி கண்ணுக்குள் வந்து போகும். அடுத்த நொடி ஏதாவது ஒரு ஹோஸ் கிடைத்துவிடும்.

ஜெசிந்தா ஈரத் தரையில் அட்டையை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். சைலன்சர் குழாயின் போல்ட்டுகள் துருப்பிடித்து ஒட்டிப் போயிருந்தன.

"பதினாலு எடுங்க."

குழந்தைவேலு பதினாலாம் நம்பர் ஸ்பேனரைக் கொடுத்தார்.

"நான் படுக்கறேங்க டீச்சர். உங்களுக்கு இடுப்பு..."

"உங்க முட்டியை வெச்சுட்டு இதுக்குள்ள எப்படி வருவீங்க? எண்ணெய் குடுங்க."

முதல் போல்ட் கால் மணி நேரம் பிடித்தது. இரண்டாவது போல்ட் உடைந்தது. துரு அவர் முகத்தில் உதிர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு திருப்பினார். நடுவில் ஒரு முறை வலி தாங்காமல் ஸ்பேனரை விட்டுவிட்டுச் சும்மா படுத்திருந்தார். குழந்தைவேலு வெளியே தெரிந்த அவருடைய இரண்டு கால்களையும் பார்த்துக்கொண்டு நின்றார். கால்கள் அசையவில்லை. பிறகு அசைந்தன.

பன்னிரண்டே கால் ஆனது. குழாய் கழன்றது. ஜெசிந்தா உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். மறுபக்கம் வெளிச்சம் தெரிந்தது.

"சுத்தமா இருக்கு," என்றார். குரலில் கோபம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. "அப்போ உள்ள, எஞ்சினுக்குப் பக்கத்துல இருக்கற பெட்டியில அடைச்சிருக்கும். அதையும் எறக்கிரலாம். ரெண்டு மணி நேரம் ஆகும். மூணு மணிக்குள்ள முடியாது. முடிஞ்சவரைக்கும் பாக்கலாம். பன்னெண்டு எடுங்கண்ணா."

குழந்தைவேலு எடுக்கவில்லை.

"அண்ணா, பன்னெண்டு."

"டீச்சர், வெளிய வாங்க."

"என்னாச்சு?"

"கீழ்ப் பின்னு போடலைங்க."

வண்டிக்கு அடியில் டார்ச் அணைந்தது.

"அன்னிக்கு... ஓட்டை அடைச்சிருந்துச்சு. கோடு போட்டு மாட்டிட்டேன். போட்டாச்சுன்னு உங்ககிட்டச் சொன்னது பொய்யிங்க."

ஜெசிந்தா மெதுவாக வெளியே நகர்ந்து வந்தார். எழுந்து உட்கார அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. முகம் முழுக்கத் துரு. குழந்தைவேலுவைப் பார்த்தார். திட்டுவார் என்று குழந்தைவேலு காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"பெல்ட் கவரைக் கழட்டுங்க," என்றார்.

கழற்றினார்கள். மேல் துளையில் பின் போனது. கீழ்த் துளையைக் கம்பி விட்டுக் கிளறிக் கிளறி அழுக்கை எடுத்தார் குழந்தைவேலு. பின்னை வைத்து அழுத்தினார். போகவில்லை. துளைக்கும் பின்னுக்கும் நடுவே ஒரு சிறு பிறை அளவு விலகல். பெல்ட்டில் அது ஒரு பல். வால்வுகள் நேரம் தவறித் திறந்துகொண்டிருந்தன. கம்ப்யூட்டருக்கும் பொறுத்துப் போகிற ஓர் அளவு உண்டு. அந்த ஒரு பல் அதற்குள் அடங்கிப் போயிருந்ததால் ஸ்கேனர் பெல்ட்டைக் காட்டவில்லை. சமதளத்தில் தெரியவில்லை. மலை கண்டுபிடித்தது.

"நீங்களே மாட்டுங்க," என்றார் ஜெசிந்தா.

குழந்தைவேலு மண்டியிட்டார். பெல்ட்டைத் தளர்த்தி, ஒரு பல் நகர்த்தி, தண்டைக் கையால் திருப்பி, பின்னை வைத்தார். டக்கென்று உள்ளே இறங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் அவர் கண்ணில் நீர் வந்தது. துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். ஜெசிந்தா இன்னொரு பக்கம் சைலன்சர் குழாயைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மூன்றரை மணிக்கு போஜன் ஆட்டோவில் மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

ஜெசிந்தா குழந்தைவேலுவிடம் கேட்டார். "நான் சொல்லட்டுமா?"

"இல்லீங்க. நான் சொல்றேன்."

சொன்னார். கோடு போட்டது, பொய் சொன்னது, எல்லாம். போஜன் கேட்டுக்கொண்டே சாவியைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான் மூணு தடவை வந்தேன். அப்பவெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்னு நெனக்கலைங்க." குழந்தைவேலு தலையைக் குனிந்துகொண்டார். "தெரியாதுன்னும் சொல்ல முடியலைங்க."

போஜன் ஜெசிந்தாவைப் பார்த்தார்.

"வண்டியில ஏறுங்க," என்றார் போஜன் குழந்தைவேலுவிடம்.

குழந்தைவேலு முன் இருக்கையில் உட்கார்ந்தார். பின்னால் மூன்று பேர். மாதியம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கையில் பஞ்சு ஒட்டியிருந்த இடத்தை மறு கையால் அமுக்கிக்கொண்டிருந்தார்.

"யாருப்பா இது?" என்று கேட்டார்.

"மெக்கானிக்," என்றார் போஜன்.

"நல்லாப் பாத்துக் குடுத்தியா சாமி?"

மாதியம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சாய்ந்ததும் தூங்கிப் போனார்.

பாக்குத் தோப்புகள் முடிந்து வளைவுகள் வந்தன. தூறல் விழ ஆரம்பித்தது. வண்டி நன்றாக இழுத்தது. மூன்றாம் கியரிலேயே ஏறியது. செங்குத்தான ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில் போஜன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். சுவர் ஓரமாக ஒரு கல் கிடந்தது. ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கல்.

"இங்கதான்," என்றார்.

குழந்தைவேலு கல்லைப் பார்த்தார்.

"இறங்குங்க."

இறங்கினார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். போஜன் ஹேண்ட் பிரேக்கை விடுவித்தார். வண்டி ஒரு விரற்கடைகூடப் பின்னால் போகவில்லை. நின்ற இடத்திலிருந்து அப்படியே எழும்பி மேடேறியது. அடுத்த வளைவில் திரும்பியது. அதற்கும் மேலே மரங்களுக்கு நடுவே ஒரு முறை வெள்ளையாகத் தெரிந்தது. நிற்கவில்லை. சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் குழந்தைவேலு கேட்டுக்கொண்டே நின்றார். சத்தம் சரியாக இருந்தது.

போஜன் தன்னை அங்கே விட்டுவிட்டுப் போய்விட்டார் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

தூறலில் அரை மணி நேரம் நின்றார். கீழே போகிற பஸ் வந்தது. கை காட்டினார்.

அவர் திரும்பியபோது மணி ஆறரை. ஜெசிந்தா ஷெட்டில் தனியாக, தலைகீழாகக் கவிழ்த்த பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து, சோப்புத்தூள் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் துரு போகவில்லை.

"ஏறிச்சுங்களா?"

"ஏறிச்சுங்க."

"மூணாவதுலயா?"

"மூணாவதுலதான்."

ஜெசிந்தா தலையாட்டினார். குழந்தைவேலு சட்டையைப் பிழிந்துகொண்டே நின்றார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவருக்குள் ஒன்று ஓடிக்கொண்டே இருந்தது. கவரைக் கழற்றிப் பெல்ட்டைப் பார்க்க அரை மணி நேரம் போதும். அதைப் பார்க்காமல் டீச்சர் ஏன் அந்த ஈரத்தில் போய்ப் படுக்க வேண்டும்? எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறார். தன் வாயாலேயே வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார். பெரிய மனுஷி. அப்படி நினைத்துக்கொள்வதில் ஒரு ஆறுதல் இருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"உங்களுக்கு முன்னாடியே தெரியும்தானுங்களே? எனக்குப் புரியணும்னுதானே அத்தனை நேரம் கீழ படுத்தீங்க?"

ஜெசிந்தா கையை உதறினார். டப்பாவிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது. மறுபடி உட்கார்ந்தார்.

"தெரியாதுங்கண்ணா," என்றார். "பாடம் நடத்தறதா இருந்தா உக்காந்துட்டே நடத்தியிருப்பேன். நீங்க போட்டாச்சுன்னு சொன்னீங்க. நான் நம்பினேன்."